நான் எடுக்காத ஜெராக்ஸ்

காட்பாடி காந்தி நகரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், பிள்ளைகளின் பிராஜெக்ட் என்று இந்தப் பக்கத்தில் யாருடைய காகிதம் தொலைந்தாலும் "அந்தக் கடையில் ஒரு காப்பி இருக்கும், போய்க் கேளு" என்பார்கள். அப்பேர்ப்பட்ட நான், என் குருநாதர் கைப்பட எழுதிய பதினேழு நோட்டுகளில் ஒரு பக்கத்தைக்கூட அவர் இருந்த காலத்தில் பிரதி எடுக்கவில்லை. அவர் போன பிறகும் கிட்டத்தட்ட மூன்று வருடம் எடுக்கவில்லை.

ஊருக்கு அவர் திருப்புகழ் ஐயா. எங்களுக்கு வெறும் ஐயா. தொடக்கப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காங்கேயநல்லூரில் வீடு. செவ்வாய்க்கிழமை தோறும் சாயங்காலம் ஆறரைக்கு அந்த வீட்டுத் திண்ணையில் திருப்புகழ் வகுப்பு. கட்டணம் கிடையாது. யாராவது எதையாவது கொடுத்தே தீருவேன் என்று நின்றால் முள்ளு கத்தரிக்காய் கொண்டுவரச் சொல்வார். இலவம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மாதம் ஒரு பை கொண்டுவருவார். வகுப்பு முடிந்ததும் அதை எல்லாருக்கும் பங்கு போடுவது தனிச் சடங்கு.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது பக்தியால் இல்லை, ஒரு எழுத்துப் பிழையால். 2006-ல் கிருத்திகை பஜனைக்கு ஒரு நோட்டீஸ் அடிக்க வந்தார். டைப் செய்து நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இன்னா தம்பி, காலையில சாப்பிடலியா?"

"சாப்டேன் ஐயா, ஏன்?"

"திருபுகழ்னு போட்டிருக்கியே. நடுவுல ஒரு 'ப்' இருந்துச்சே, அத யாரு முழுங்கினது?"

திருத்திக் கொடுத்தேன். காசை எண்ணி வைத்துவிட்டு, "செவ்வாக்கெழம கடைய ஒரு மணி நேரம் முன்னாடி சாத்திட்டு வா" என்றார். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போனேன்.

காங்கேயநல்லூர் என்றால் தமிழ்நாடு முழுக்க வாரியார் ஊர். கிருபானந்த வாரியார் சுவாமிகள் 1906-ல் பிறந்த ஊர். 1993 நவம்பரில் லண்டனிலிருந்து திரும்பும் வழியில் விமானத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. முருகன் கோயிலுக்கு எதிரே அவருடைய சமாதி இருக்கிறது. சொற்பொழிவுக் கூட்டத்தில் முன்வரிசைப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பரிசு கொடுப்பது வாரியார் வழக்கம். ஐயாவும் அதையே பிடித்துக்கொண்டார். பரிசு மட்டும் கடலை மிட்டாய்.

அவர் சொல்லிக்கொடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் புரியும்.

புதுப் பாட்டு என்றால் முதல் வாரம் சொல்லே கிடையாது. வெறும் சந்தம். 'தத்தன தனதன தத்தன தனதன' என்று தொடையில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் வாரம்தான் 'கைத்தல நிறைகனி' என்று சொல் வரும். மூன்றாம் வாரம் பதம் பிரிப்பது. கைத்தலம், நிறை, கனி, அப்பமொடு, அவல், பொரி, கப்பிய, கரிமுகன். இந்தக் 'கப்பிய' வரும்போது பிள்ளைகள் சிரிக்கும். ஐயா சட்டென்று இரண்டு கன்னத்தையும் உப்ப வைத்து, வாய் நிறையப் பொரி அடைத்தவர் மாதிரி கண்ணை உருட்டி, ஒரு கையைத் தும்பிக்கையாக ஆட்டுவார். எழுபது வயசு ஆள். பிறகு சாவகாசமாக, "கப்பியன்னா உண்ட. சாதாரணமா உண்ட இல்ல, இப்டி உண்ட" என்பார். அந்தச் சொல்லின் பொருள் அப்புறம் யாருக்கும் மறக்காது. நான்காம் வாரம்தான் ராகம்.

அவசரப்பட்டு ராகத்துக்குத் தாவுகிறவர்களை நிறுத்திவிடுவார். "சந்தம் வராம சொல்லைத் தொடாத. சந்தம் தப்பினா சொல்லு ஒடையும், சொல்லு ஒடைஞ்சா பொருளு ஓடிடும்." ஒரு வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பாட்டுதான் தேறும். அவ்வளவுதானா என்று சிலர் ஓடியே போனார்கள். யூடியூபில் ஒரு நாளில் பத்துப் பாட்டு கேட்கலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, "கேளேன், நல்லாத்தான் இருக்கும்" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார்.

பிரதி எடுக்கும் பேச்சு அப்போதே வந்தது. நோட்டைக் கொடுத்தால் எல்லாருக்கும் செட் போட்டுத் தருகிறேன், பைண்டிங்கும் என் செலவு என்றேன். "ஜெராக்ஸ் எடுத்தா பையில ஏறும், மனசுல ஏறாது. ஒக்காந்து கையால எழுது" என்றுவிட்டார். பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய எழுத்தில் ஒரு பக்கம் அனுமதி. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். உண்மையில், 'ஐயா, பாடத்துக்கு வேண்டாம், பத்திரத்துக்கு ஒரு காப்பி' என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏடு அழிவதைப் பற்றி எங்களுக்கு அதிகம் சொன்னவரே அவர்தான். அருணகிரிநாதர் பதினாறாயிரம் பாடினார் என்பார்கள், நம் கைக்குக் கிடைத்தது ஆயிரத்து முந்நூறு சொச்சம். அதுவும் வ.த. சுப்பிரமணிய பிள்ளை என்கிற ஒரு முன்சீப், வேலை போக மிச்ச நேரத்தில் ஊர் ஊராக ஏடு தேடி, 1894-ல் முதல் பாகம் அச்சுப் போட்டதால் கிடைத்தது. "அந்த மனுசன் பார்த்துக்கலாம்னு விட்டிருந்தா இன்னிக்கி நாம இன்னாத்தப் பாடறது?" என்று வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்பார். நானும் தலையை ஆட்டுவேன்.

2019 தைப்பூசம் திங்கட்கிழமை. மறுநாள் செவ்வாய் வகுப்பு எடுத்தார். வியாழன் விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். எழுபத்தெட்டு வயது.

எங்களில் பாதிப் பேர் எட்டு மணிக்குள் அங்கே போய்விட்டோம். பெங்களூரிலிருந்து மகன் வந்துசேரப் பதினொன்று ஆனது. அதற்குள் நாங்கள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டோம்: என்ன பாடுவது, யார் முதலில் மாலை போடுவது, எத்தனை மணிக்கு எடுப்பது வரைக்கும். மைக் செட்டுக்குக்கூட ஆள் போய்விட்டது. அந்தப் பையன் வந்து அப்பா காலடியில் உட்காரக்கூட இடமில்லாமல் நாங்கள் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐயாவின் துணைவியார், நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிறவர், என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"கொஞ்ச நேரம் நிறுத்துங்க தம்பி. அவரு ஒண்ணுதான் கேட்டிருக்காரு. அநுபூதி மட்டும் முழுசா சொல்லச் சொன்னாரு. மைக்கெல்லாம் வேணாம்னாரு."

இது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. கந்தரநுபூதி 51 பாட்டு. நிதானமாகச் சொன்னால் அரை மணி நேரத்தில் முடியும். முடிக்கும்போது 'குருவாய் வருவாய் அருள்வாய் குகனே' என்று வரும். அந்த அடியை ஆயிரம் தடவை பாடியிருப்போம். அன்றைக்கு யாருக்கும் அது முழுதாக வாயில் வரவில்லை. பூக்கார அக்கா ஒருத்திதான் கடைசி எழுத்து வரைக்கும் சொல்லி முடித்தாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பாலாற்றங்கரைக்கு எடுத்துப் போகும்போது ஊர் வழக்கப்படி பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள்.

இப்படி ஒரு வீட்டில் கூடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் ஓரமாக உட்காருங்கள். குருவை இழந்தது நாம் என்று நமக்கு இருக்கும். அங்கே ஒருவர் அப்பாவை இழந்திருப்பார், ஒருவர் ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவரை இழந்திருப்பார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே நான் உருப்படியாகச் செய்த ஒரு வேலை காகித வேலை. அது மட்டும் எனக்குக் கைவந்தது. இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம், அனுமதி என்று இழுக்கும். சான்றிதழ் வந்ததும் பத்துப் பிரதி எடுத்து வைத்தேன். அப்புறம் குடும்ப ஓய்வூதியம். ஐயாவின் பென்ஷன் புத்தகத்தில் அம்மா பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' இருக்கிறது, ஆதாரில் இல்லை, பாங்க் பாஸ்புத்தகத்தில் 'அம்மாள்' இருந்து ஒரு எழுத்து இல்லை. ஒற்றுக்காக எங்களை அந்தப் பாடு படுத்தியவர் தன் வீட்டுக் காகிதத்தில் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்! ஆதாரையும் பாஸ்புத்தகத்தையும் பென்ஷன் புத்தகத்தோடு ஒத்துப்போகும்படி திருத்தி, கருவூலத்துக்கு மூன்று நடை நடந்து, நாலு மாதத்தில் அம்மா கணக்கில் பணம் வர ஆரம்பித்தது. நடுவில் ஐயா பெயரில் ஒரு மாதப் பென்ஷன் வந்து விழுந்திருந்தது. அதைத் தொடாமல் வைக்கச் சொன்னேன். எடுத்துவிட்டால் பின்னால் பிடித்தம் செய்வார்கள், அப்போது கணக்குச் சொல்வது கஷ்டம். உங்கள் ஆசிரியர் உயிரோடு இருக்கும்போதே அவர் வீட்டு அம்மாவின் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். குருதட்சிணையாக இதையும் வைத்துக்கொள்ளலாம்.

மற்ற எல்லாவற்றிலும் சொதப்பினோம். ஐயா பெயரில் ஒரு மண்டபம் கட்டலாம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஒரே மாதத்தில் 41,000 ரூபாய் சேர்ந்தது. இந்தக் காலத்தில் அதில் மண்டபத்துக்குத் தூண்கூட வராது. ஆனால் சண்டைக்குத் தாராளமாகப் போதும். பணம் யார் கணக்கில் இருப்பது, ரசீதில் யார் கையெழுத்து, 'தலைமைச் சீடர்' என்று பேனரில் யார் பெயரைப் போடுவது. ஐயாவின் வாயில் சீடர் என்ற சொல்லையே நாங்கள் கேட்டதில்லை. 'வகுப்புக்கு வரவங்க' என்பார், அவ்வளவுதான்.

நினைவு நாள் எதுவென்று இன்னொரு தகராறு. நாயன்மார்களுக்கெல்லாம் மாதமும் நட்சத்திரமும் பார்த்துத்தான் குருபூஜை, அப்பருக்குச் சித்திரைச் சதயம் மாதிரி, ஆகவே நட்சத்திரம்தான் என்றது ஒரு கட்சி. வீட்டில் திதிதான் கொடுப்போம் என்றார் மகன். தேதியே போதும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது என்றது மூன்றாவது கட்சி. முதல் வருடம் பெரிதாக நடந்தது. ஃபிளெக்ஸ், சவுண்ட் பாக்ஸ், முந்நூறு பேருக்குச் சாப்பாடு. சிறப்புரைக்கு மேல் சிறப்புரை. ஒன்பது மணி வரைக்கும் ஒரு திருப்புகழ்கூடப் பாடவில்லை. அம்மா பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிவிட்டார்.

இப்போது வீட்டில் திதி கொடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் தைப்பூசம் கழிந்து வரும் செவ்வாய்க்கிழமையை வைத்துக்கொண்டோம். அவர் கடைசியாக வகுப்பு எடுத்த கிழமை. மேடை கிடையாது. மிச்சமிருந்த பணத்தில் ஒரு இரும்பு பீரோவும் நல்ல காசெட் பிளேயர் ஒன்றும் வாங்கி, கணக்கை எல்லாருக்கும் வாட்ஸப்பில் போட்டு, வசூலை மூடினோம். இரண்டு பேர் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

அந்தக் காசெட் பிளேயர் எதற்கென்றால், ஐயாவின் வகுப்பை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யார் யாரோ பதிவு செய்திருந்தார்கள். தேடித் திரட்டியதில் 34 காசெட் கிடைத்தது. ஒன்றில் பாதி வகுப்புக்கு மேல் சினிமாப் பாட்டு ஏறியிருந்தது. காசெட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே பதிவு செய்ய முடியாது. உங்கள் வீட்டில் இப்படி எதுவும் இருந்தால் இன்றைக்கே உடைத்துவிடுங்கள்.

பூஞ்சை பிடித்து வெள்ளையாக இருக்கும் காசெட்டை ஆசையில் உடனே ஓட விடாதீர்கள். ஓட்டினால் அந்தத் தூள் பிளேயரின் ஹெட்டில் ஏறி, அடுத்து போடும் நல்ல காசெட்டையும் கெடுக்கும். தொண்ணூறு நிமிடக் காசெட்டில் டேப் மெல்லிசு, சிக்கினால் அறுந்துவிடும். முதலில் பென்சிலைச் செருகிக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஓட்டும்போது சத்தம் மங்கலாக வந்தால், நடுவில் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருக்கும். பழைய பாட்டுக் காசெட் ஒன்றைப் பிரித்து அதன் கூட்டுக்குள் டேப்பை மாற்றிவிடலாம். திருகு போட்ட காசெட் என்றால் ஐந்து நிமிட வேலை. பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்தேன். முதல் பதிவை வேவ் ஃபைலாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பி ஆகும், ஆகட்டும். பகிர்வதற்கு மட்டும் எம்பித்ரீ. ஒரு ஹார்ட் டிஸ்க் என் கடையில், இன்னொன்று பெங்களூரில் மகனிடம். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இரைச்சலை நீக்குகிறேன் என்று ஒரு தம்பி ஆரம்பித்தான். வேண்டாம் என்று தடுத்தேன். ஒரு காசெட்டில் 'நாத விந்து' பாட்டுக்கு நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. ஐயா தாளத்தை விடாமலே, "மூணு விசில் ஆச்சு பாரு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு அதே 'நமோநம'வில் வந்து சேருகிறார். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அன்னிக்கி அடுப்ப அணைச்சனா இல்லியான்னு தெரியலியே" என்றார்.

காசெட்டுக்கு இத்தனை செய்த நான் நோட்டுக்கு ஏன் செய்யவில்லை? ஐயாவின் காரியம் முடிந்த அன்றே மகன் கேட்டார்: "அண்ணா, இந்த நோட்டெல்லாம் நீங்க எடுத்துட்டுப் போறீங்களா?" நான், "அம்மாகிட்டயே இருக்கட்டும் சார், அவங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்" என்றேன். கேட்டவர்கள் என்னைப் பெருந்தன்மையானவன் என்று நினைத்திருப்பார்கள். பதினேழு நோட்டு, ஒவ்வொன்றும் இருநூறு பக்கம். சீசனில் கடையில் நிற்க நேரமிருக்காது. மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் உண்மை. நோட்டுகள் டிரங்குப் பெட்டியில், பெட்டி கட்டிலுக்கு அடியில்.

2020-ல் ஊரடங்கு. வகுப்பைப் போனில் கான்ஃபரன்ஸ் போட்டு நடத்திப் பார்த்தோம். சேர்ந்து பாடவே முடியாது. ஒருவர் குரல் மற்றவருக்குப் பின்தங்கி வரும், தாளம் சிதறிவிடும். ஒருவர் பாட, மற்றவர்கள் மியூட்டில் போட்டுக்கொண்டு தொடையில் தட்டுவது என்று வைத்துக்கொண்டோம். பதினொரு பேர் இருந்த இடத்தில் நாலு பேர் மிஞ்சினோம்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. நூறு வருடத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள். மணலும் முள்செடியுமாகவே ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனோம். நானும் போனேன். அம்மா அப்போது பெங்களூரில் இருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. மூன்றாம் நாள்தான் எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தால் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு.

ஐயா பாட்டை எப்போதும் இங்க் பேனாவில் எழுதுவார். ராயல் புளூ மசி. முதலில் கையில் எடுத்த நோட்டைத் திறந்தேன். பக்கம் முழுக்க வெளிர் நீலம், எழுத்தே இல்லை.

பதற்றத்தில் செய்யக்கூடாததையெல்லாம் செய்தேன். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஸ்கேலை விட்டுப் பிரித்தேன், கிழிந்தது. இரண்டு நோட்டை வெயிலில் வைத்தேன், அப்பளம் மாதிரி சுருண்டு போயின. என் கடைக்குப் பைண்டிங் செய்து கொடுக்கும் பெரியவர் வந்து பார்த்துத் திட்டினார். ஈரத்தில் பக்கத்தைப் பிரிக்கவே கூடாதாம். நோட்டை நிற்க வைத்து, தானாக விரிகிற அளவுக்கு விட்டு, நிழலில் ஃபேனுக்குக் கீழே வைக்க வேண்டும். ஓரளவு காய்ந்ததும் இருபது பக்கத்துக்கு ஒரு முறை வெள்ளைத் தாளைச் செருகி, அது ஈரத்தை இழுக்க இழுக்க மாற்ற வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், மசி ஒட்டும். கடைசியில் பலகைக்கு அடியில் கனம் வைத்து அழுத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காயவைக்க இடம் இல்லாவிட்டால், மிச்சத்தைப் பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். பூஞ்சை பிடிக்காது, ஆற அமர ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். தெருக்கோடி ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தார். குச்சி ஐஸுக்குப் பக்கத்தில் அருணகிரிநாதர் இரண்டு வாரம் இருந்தார்.

பதினேழில் மேலே இருந்த எட்டு தப்பித்தது. ஒன்பது போய்விட்டது. அப்படித்தான் நினைத்தேன். காய்ந்த பிறகுதான் கவனித்தேன். மசி போன இடத்தில் பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. புள்ளி, கோடு, புள்ளி, கோடு. பக்கத்துக்குப் பக்கம், வரிக்கு வரி. இங்க் தண்ணீரில் கரையும். பென்சில் கரையாது. எழுத்து இருந்த காலத்தில் இந்தக் குறிகள் கண்ணிலேயே பட்டதில்லை.

வழக்கம் போல மிஷினில் வைத்து எடுத்தால் இந்தப் பென்சில் விழாது. வெள்ளைத் தாள்தான் வரும். இருபது வருட அனுபவத்தில் இதைக்கூட அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கற்றேன். கலரில் 600 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்து, பிறகு கான்ட்ராஸ்ட் ஏற்றினால் தெரியும். இன்னும் மங்கல் என்றால் பக்கவாட்டில் டார்ச் அடித்து மொபைலில் படம் எடுக்க வேண்டும், பென்சில் அழுந்திய பள்ளம் நிழலாக விழும். ஒன்பது நோட்டுக்கும் ஐந்து மாதம் ஆனது.

எடுத்து என்ன செய்ய? எது எந்தப் பாட்டு என்று தெரிய வேண்டுமே.

பூக்கார அக்கா காட்பாடி ஸ்டேஷன் பக்கம் பூக்கூடை வைத்திருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஐயாவிடம் எங்கள் எல்லாருக்கும் முன்பே வந்தவள். எழுபது பாட்டுக்கு மேல் மனப்பாடம். திண்ணையில் ஏறாமல் படியிலேயே உட்காருவாள். கையில் பூ, நூல். ஸ்கேன் செய்த ஒரு தாளை அவளிடம் நீட்டியபோது எனக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள், சும்மா காட்டினேன்.

தாளை வாங்கிப் பார்த்தாள். நூல் சுற்றிய விரலால் படிக்கல்லில் தட்டினாள். ஒரு கோடு, மூணு புள்ளி. ஒரு கோடு, மூணு புள்ளி. ஒரு கோடு, மூணு புள்ளி. ரெண்டு கோடு.

"இது எனக்கு எழுதினது" என்றாள்.

எழுத்து தெரியாத அவளுக்காக ஐயா இந்தக் குறியை ஏற்படுத்தியிருக்கிறார். நீட்டினால் கோடு, நீட்டாவிட்டால் புள்ளி. ஒற்று வந்து அழுத்தினாலும் கோடு. வகுப்பு ஆரம்பிக்கும் முன்பு அரை மணி நேரம் அவளை வைத்துக்கொண்டு தன் நோட்டிலேயே குறித்துக் காட்டுவாராம். இதுவும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஆறரைக்கு வருகிறவர்கள்.

"ஏறுமயிலா இருக்கும். இரு, இரு... நாலாவது வரிக்குப் போ." விரலை இறக்கினாள். "ஆமா. இங்க பாரு, நடுவுல ரெண்டு கோடு ஒட்டி நிக்குது. வேல் வாங்குற எடம்."

'ஏறுமயில் ஏறி' பாட்டில் மற்ற வரியெல்லாம் ஒரே நடையில் ஓட, 'குன்றுருவ வேல்வாங்கி' என்ற இடத்தில் மட்டும் நடை கொஞ்சம் தடைப்படும். ஐயா அங்கே பாட்டை நிறுத்திச் சொல்வார்: "வேலைக் கையில வாங்கும்போது நின்னுதானே வாங்கணும், ஓடிக்கினா வாங்குவாங்க?" அதைக் கேட்டு நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். தாளில் அது எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் அவள் திண்ணை மேல் உட்காருகிறாள். நாங்கள் கட்டாயப்படுத்தினோம், முதல் இரண்டு மாதம் சங்கடப்பட்டாள். ஒரு பக்கத்தைக் கொடுப்போம், தட்டிப் பார்ப்பாள், பாட்டைச் சொல்வாள். நான் அச்சுப் புத்தகத்தில் அந்தப் பாட்டை எடுத்து, எழுத்தைக் குறிக்கு மேல் ஏற்றி டைப் செய்கிறேன். ஒற்று விடாமல். பாட்டுக்கெல்லாம் புத்தகம் இருக்கிறது. ஓரத்தில் ஐயா எழுதி வைத்திருந்த பொருள் விளக்கம்தான் மசியோடு போனது போனதுதான், கொஞ்சம் காசெட்டில் கிடைக்கிறது. இதுவரை 112 பக்கம் அடையாளம் தெரிந்திருக்கிறது. அவளுக்கும் பிடிபடாத பக்கம் நிறைய இருக்கிறது. தப்பித்த எட்டு நோட்டையும் சேர்த்து ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம்.

இப்போது வகுப்புக்கு ஒன்பது பேர் வருகிறார்கள், அதில் ஐந்து பேர் பிள்ளைகள். போன வாரம் நாலாவது படிக்கும் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். அவன் முன்னால் ஒரு குறித்தாளை வைத்து அக்கா தட்டிக் காட்டினாள். கோடு புள்ளி புள்ளி, நாலு புள்ளி, கோடு புள்ளி புள்ளி, நாலு புள்ளி. தத்தன தனதன. அவனுக்குப் பிடிபடவில்லை. பக்கத்திலிருந்த பெண் குழந்தை ஐயாவைப் பார்த்தே இராதவள், அவர் இறந்த வருடம்தான் பிறந்தாள். அவனுக்குத் துப்புக் கொடுப்பதாக நினைத்து இரண்டு கன்னத்தையும் உப்ப வைத்து, கண்ணை உருட்டி, கையைத் தும்பிக்கை மாதிரி ஆட்டினாள்.

"பிள்ளையார் பாட்டா?" என்றான் அவன்.

அக்கா மடியிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து, பாதியாக உடைத்து, இரண்டு பேருக்கும் கொடுத்தாள்.